தலை தொங்கும் கனகாம்பரம்

கனகாம்பரச் செடி தலை தொங்கினவுடன் மடையைத் திறந்துவிடுவது தோட்டக்காரர் பலருடைய வழக்கம். நஷ்டம் பெருகுவதற்கு இவ்வழக்கமே பெரிதும் காரணமாகும். நண்பகலில் துவண்டு அந்தியில் நிமிரும் செடிக்குத் தண்ணீர் வேண்டும். விடியற்காலையில், மண் ஈரமாயிருக்கும்போதும் தொங்கி நிற்பதாயின் கோளாறு வேரில் உள்ளது.

அத்தகைய செடியொன்றை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவிப் பார்த்தல் வேண்டும். பக்கவேர்களில் கரும்பழுப்புத் தழும்புகள் காணப்படின் அது பெரும்பாலும் நூற்புழுவின் வேலை. கண்ணுக்குப் புலப்படாத இப்புழு உண்டாக்கும் புண்களின் வழியே வாடல் பூஞ்சணம் உட்புகுந்து வேரை அழுகச் செய்கிறது. அந்நிலையில் பாய்ச்சும் நீர், நோயை வரிசை வரிசையாகச் சுமந்து செல்லும். இலைமேல் பூச்சிமருந்து தெளிப்பதோ வீண் செலவு. மருந்து விற்பவர் இதைச் சொல்லப்போவதில்லை. கொழுந்து மாத்திரம் சுருண்டு, அதில் எறும்பு ஊருமாயின் அசுவினி உண்டா என்று இலையைத் திருப்பிப் பார்க்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் அதற்கு உதவும்.

டெல்லிக் கனகாம்பரம் விதை வைப்பதில்லை. வேர்விட்ட குச்சிகளாலேயே பெருக்கப்படுகிறது. ஆகையால் பிறர் நாற்றங்காலின் புழு, பணங்கொடுத்து வாங்கிய கன்றின் வேரிலேயே புதுத் தோட்டத்திற்கு வந்து சேர்கிறது. கன்று வாங்குவோர் இலையின் பசுமையைக் கண்டு மயங்காது வேரைக் காட்டும்படி கேட்பது நலம். பட்ட செடிகளைப் பிடுங்கிக் கொளுத்தி, வடிகாலைச் சீர்செய்து, மீந்தவற்றிற்கு வேப்பம் பிண்ணாக்கு இடலாம். அதே நிலத்தில் உடனே மறுபடியும் கனகாம்பரம் நடலாகாது.

அடங்கல் எழுதச் செல்லும் கிராம அலுவலர்களும், தண்ணீரின்றிக் காய்ந்ததென்று குறிக்குமுன் ஒரு செடியையேனும் பிடுங்கிப் பார்ப்பார்களாக.