வயசு மேல் பழி போடும் வைத்தியம்

கோவை துடியலூர்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாத இதழ் ஒன்றில் நிமோனியா பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் பெயரை விட்டுவிடுகிறேன்; அந்த விளம்பரம் அவருக்கு வேண்டாம். அவர் சொல்வது இவ்வளவுதான்: காய்ச்சல் விட்டால் நிமோனியா போயிற்று. அதற்குப் பிறகும் மூச்சிரைத்தால் பலவீனம், இல்லாவிட்டால் வயசு. மூன்று மாதம் அசையாமல் படுத்துக் கஷாயம் குடிக்க வேண்டும். இன்ஹேலரைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது. மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிற டாக்டர் காசு பறிக்கிறார். இதில் கடைசி வாக்கியத்தில் மட்டும் கால்வாசி உண்மை இருக்கிறது. மற்றவை தேறாது.

முதலில் நாள் கணக்கு. பிரிட்டனில் நிமோனியா நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்பும் காலக்கெடு இது: ஒரு வாரத்தில் காய்ச்சல் விட வேண்டும்; நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைய வேண்டும்; ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் குறைய வேண்டும்; மூன்று மாதத்தில் அசதி தவிர மற்றவை பெரும்பாலும் போக வேண்டும். ஆகவே மூன்றாம் வாரம் மாடிப்படியில் இரைத்தால் பதற வேண்டியதில்லை. ஆறு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் கதை வேறு. நம் மண்டலக் கணக்குக்கு அது ஆறு நாள்தான் குறைவு. அவ்வளவு நாளும் குறையாத இரைப்புக்கு ஏதோ காரணம் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கட்டியிருக்கலாம். நிமோனியா என்று நினைத்தது காசநோயாக இருக்கலாம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம். புகை பிடித்தவர் என்றால் எக்ஸ்ரே நிழலுக்குப் பின்னால் புற்றுக்கட்டியே ஒளிந்திருக்கலாம். இதயமாகவும் இருக்கலாம்: நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்த முதியவர்களுக்கு முதல் மாதத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம் நான்கு மடங்கு என்று 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இத்தனையையும் நம் கட்டுரையாளர் 'வயசு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்.

அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு? 1888-லேயே பஞ்சாலை ஓடத் தொடங்கிய கோயமுத்தூரில். இங்கே அறுபத்தைந்து வயதில் இரைக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மில்லில் எந்தப் பக்கம் வேலை பார்த்தீர்கள் என்பதுதான். ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் காலம் கழித்தவர்களுக்குப் பஞ்சுத் தூசு நோய் உண்டு. வார விடுமுறை முடிந்து ஷிப்டுக்குப் போன அன்றைக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். பிறகு எல்லா நாளும் பிடிக்கும். பவுண்டரியில் மோல்டிங் மணலோடு கிடந்தவருக்கு சிலிக்கா தூசு நுரையீரலைத் தழும்பாக்கும், காசநோய்க்கும் கதவு திறந்துவிடும். தடாகம் பக்கத்துச் செங்கல் சூளைகளை 2021-ல் மூட வைத்தார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் மண்ணும் புகையும் தின்ற நுரையீரலை யார் மூட வைப்பது? பஞ்சுத் தூசு நோயும் சிலிக்கோசிஸும் இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருப்பவை. 'வயசாச்சு' என்று அனுப்பிவிட்டால் அந்த ஆளுக்கு வைத்தியமும் இல்லை, இழப்பீடும் இல்லை. முதலாளி தரப்பு வக்கீல்கூட இவ்வளவு சுருக்கமாக வாதாடியிருக்க மாட்டார்.

அடுத்து இன்ஹேலர். நிமோனியா வந்த எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆஸ்துமாவோ, புகையால் வந்த மூச்சடைப்போ, வீசிங்கோ இருந்தால்தான் கொடுப்பார்கள். கட்டுரையாளர் அவர்களுக்கும் அது வேண்டாம், மாத்திரையே மேல் என்கிறார். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை நாற்பது அழுத்துக்குச் சமம். அத்தனையும் வயிற்று வழியாக ரத்தத்தில் கலந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்க வைத்து, மிச்சம்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் 'ஒரு செட் மாத்திரை'யில் பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இருமல் அடங்கும், சர்க்கரை ஏறும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

படுத்துக் கிடக்கச் சொல்வது இருப்பதிலேயே மோசம். 2021 மே கடைசியில் தினசரி கொரோனா தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியதே, அந்த அலையில் பிழைத்து வந்தவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். படுத்தே இருந்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தவருக்கு அதே பத்தடி நடக்கக் கூடுதல் மூச்சு வேண்டும். இரைக்கிறதே என்று மறுபடி படுப்பார். இதை உடைக்க நடைதான் வழி: வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். படியேறும்போது விடுகிற மூச்சில் கால் வைக்க வேண்டும். வெளியே போக முடியாதவர்கள் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் ஏற்பாடு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சாம்பிராணி போடச் சொல்கிறார்! தேங்காய் மட்டை வைத்து எரியும் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் இருமிக்கொண்டு குந்தியிருக்கும் அம்மிணிக்கு இன்னும் கொஞ்சம் புகையாம்.

அந்தக் கால்வாசி உண்மைக்கு வருகிறேன். முழுசாகத் தேறிய, புகை பிடிக்காத இளவயதுக்காரருக்கு மறு எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. தேவையில்லாமல் ஸ்கேன் எழுதுபவர்களும் உண்டு. ஆனால் ஐம்பது தாண்டியவருக்கும், புகை பிடித்தவருக்கும், அறிகுறி நீடிப்பவருக்கும் ஆறு வாரத்தில் ஒரு படம் வேண்டும். அதை அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அங்கே இலவசம். காசு பறிப்புதான் கவலை என்றால் அந்த வழியை எழுதியிருக்க வேண்டாமா?

கஷாயத்துக்கு எத்தனை மிளகு, எத்தனை திப்பிலி என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். திடீரென்று மூச்சு முட்டினால், சளியில் ரத்தம் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி எழுத அவருக்கு இடம் இல்லை.