ஆத்துல போட்டாலும் அளந்து போடு!



"கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்காரன் எழுதியிருக்கான், நமக்கு எதுக்கு?" என்று மெக்கானிக்கல், சிவில், டிரிபிள்-ஈ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றித்தான் என்றாலும், விஷயம் நம் எல்லோர் வீட்டுப் பணத்தையும் தொடுகிற விஷயம். ஒர்க்‌ஷாப்பில் நின்று பழகிய யாருக்கும் இது புரியும்.

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோலச் செய்ய முடியும். அதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். இது நேற்று வந்த சரக்கு அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய மெயின்ஃபிரேம்களுக்காக வி.எம்./370 என்ற பெயரில் 1972-லேயே இதை அறிவித்துவிட்டது. சாதாரண பி.சி.க்கு வி.எம்.வேர் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்தது. பிறகு இன்டெல் 2005-லும், ஏ.எம்.டி. 2006-லும் பிராசஸர் சிப்புக்குள்ளேயே இதற்கென்று வசதி வைத்தார்கள். இன்று விண்டோஸ் போட்ட மெஷினில் லினக்ஸ் பழக வேண்டுமா? இரண்டு மெஷினை இணைத்து நெட்வொர்க் போட்டுப் பார்க்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும்போது ஓரிடத்தில் ஒரு கேள்வி வரும்: எத்தனை பிராசஸர் வேண்டும்? அந்த இடத்தில் நம் லேபில் கேட்கிற குரல் என்ன தெரியுமா? "சும்மாதானே கிடைக்குது, கடைசி வரைக்கும் இழுத்து விடுடா!" இழுத்துவிட்ட கொஞ்ச நேரத்தில் மெஷின் நொண்ட ஆரம்பிக்கும். உடனே அடுத்த குரல்: "இந்த டப்பா மெஷின்ல எல்லாம் இது ஓடாது மச்சான். குறைஞ்சது ஐ7 வாங்கணும்."

முதல் குரலைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டாவது குரல்தான் என்னை எழுத வைத்தது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் லேப்டாப் வாங்குவது என்பது ஒரு கல்யாணச் செலவு மாதிரி. என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் வெளியில் ஒரு பயிற்சி மையத்தில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. புது லேப்டாப் வந்தது. அதன் பிறகு ஒருநாள் அவனுடைய பழைய டூயல் கோர் லேப்டாப்பை எடுத்துவைத்துப் பார்த்தோம். லினக்ஸ் சர்வருக்கு 4 பிராசஸர் என்று போட்டிருந்தது. அதை 1 ஆக்கினோம். அவன் செய்ய வேண்டிய பயிற்சி அத்தனையும் ஒழுங்காக ஓடியது! குறை லேப்டாப்பில் இல்லை, கொடுத்த எண்ணில் இருந்தது. இதை அவனுக்கு முன்னாடியே சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கூடுதலாகக் கொடுத்தால் வேகம் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள்.

லேத் இருப்பது 4. பேட்ச்சில் 12 பேர். இன்ஸ்ட்ரக்டர் டோக்கன் கொடுக்கிறார். டோக்கன் வைத்திருப்பவர்கள் முறைவைத்துக் கொஞ்ச நேரம் லேத்தில் நிற்கலாம். டோக்கனை 12 என்ன, 120 கூட அச்சடிக்கலாம். லேத் நான்குதான்! இதில் லேத் என்பது பிராசஸரில் நிஜமாக இருக்கிற கோர். டோக்கன்தான் விர்ச்சுவல் பிராசஸர். முறைவைத்து ஆளை மாற்றிவிடுகிற இன்ஸ்ட்ரக்டர்தான் ஹைப்பர்வைசர் என்கிற சாஃப்ட்வேர்.

இப்போது நாலு பேர் சேர்ந்து ஒரே ஜாப் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது ஒரே ஒரு வெர்னியர் காலிப்பர். அதைக் கையில் வைத்திருப்பவன் முறை முடிந்து காலிப்பரோடு வெளியே போய்விட்டான். மற்ற மூன்று பேரும் அளவு பார்க்க முடியாமல் லேத்தை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். லேத் சுற்றுகிறது, கரண்ட் செலவாகிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. வெளியே காத்திருக்கிற மற்ற பேட்ச்காரனுக்கும் இடம் கிடைக்கவில்லை. 2 கோர் உள்ள மெஷினில் 4 பிராசஸர் கொடுத்தால் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான். இதற்கு நடுவில் வெளியே இருக்கிற விண்டோஸுக்கும் லேத் வேண்டுமே! அதற்கும் கிடைக்காததால்தான் மவுஸ்கூட நகராமல் நிற்கிறது.

இன்னொன்று. பிராசஸர் நிறைய இருந்தாலும் வேலையைப் பிரிக்க முடிந்தால்தான் பலன். ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் 1967-ல் சொன்ன கணக்கு இது. ஒரு வேலையில் பாதியை ஒருவர் மட்டுமே வரிசையாகச் செய்ய முடியும் என்றால், 4 பிராசஸர் போட்டாலும் வேகம் 1.6 மடங்குதான். ஆயிரம் போட்டாலும் 2 மடங்கைத் தொடாது. நாம் லேபில் செய்கிற சின்னச் சின்னப் பயிற்சிகள் பலவற்றில் பிரிக்கிற அளவுக்கு வேலையே கிடையாது.

சரி, எல்லை எவ்வளவு? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எல்லை ஒன்று அல்ல, மூன்று.

முதலாவது, ஹைப்பர்வைசர் தயாரித்தவர்கள் வைத்த எல்லை. இன்டர்வியூவுக்கு நம் ஆட்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். 2009-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 3.0-ல் ஒரு மெஷினுக்கு 32 பிராசஸர் வரை கொடுக்கலாம் என்றார்கள். வி.எம்.வேரின் விஸ்பியர் 4-ல் (2009) 8 ஆக இருந்தது, 5-ல் (2011) 32, 5.1-ல் (2012) 64, 6.0-ல் (2015) 128 என்று ஏறியது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-ல் வெறும் 4 கொடுத்தது. 2012-ல் அது 64, 2016-ல் 240, 2025-ல் 2048! பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியின் ஸ்பீடோமீட்டரில் 160 வரை எண் இருக்கிறது என்பதற்காக அந்த வண்டி 160-ல் போகும் என்று அர்த்தமா? இது அனுமதி மட்டுமே, சக்தி அல்ல.

இரண்டாவது, விர்ச்சுவல் மெஷினுக்கு உள்ளே நாம் போடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எல்லை. இது பலருக்குத் தெரியாத சங்கதி. விண்டோஸ் 10, 11 ஹோம் பதிப்பு 1 சாக்கெட்டை மட்டுமே ஏற்கும். புரொஃபஷனல் பதிப்பு 2 சாக்கெட் வரை ஏற்கும். புரொஃபஷனல் போட்ட மெஷினுக்கு "4 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 கோர்" என்று கொடுத்தால், உள்ளே 2 பிராசஸர்தான் தெரியும். மீதி 2 வீண்! அதையே "1 சாக்கெட், 4 கோர்" என்று மாற்றினால் நாலும் தெரியும். கூட்டிப் பார்த்தால் இரண்டும் 4 தான், பலனில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

மூன்றாவது, நம் மேஜைமேல் இருக்கிற மெஷினின் எல்லை. இதுதான் கடைசித் தீர்ப்பு. ஈ.எஸ்.எக்ஸ்.ஐ., ஹைப்பர்-வி இரண்டும் சர்வரில் இருக்கிற லாஜிக்கல் பிராசஸர்களைவிட அதிகமாக ஒரு மெஷினுக்குக் கொடுக்க விடாது. விர்ச்சுவல்பாக்ஸ் கொஞ்சம் தாராளம். சிவப்புப் பட்டையைக் காட்டி எச்சரித்துவிட்டு விட்டுவிடும். ஆனால் அதன் கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: நிஜக் கோர்களின் எண்ணிக்கைக்கு மேல் கொடுக்காதே, ஹைப்பர்த்ரெட்டைக் கணக்கில் சேர்க்காதே என்று. ஹைப்பர்த்ரெட் என்பது ஒரே லேத்தில் இரண்டு பேரை நிறுத்துவது மாதிரி. ஒருவன் டூல் மாற்றுகிற நேரத்தில் மற்றவன் கொஞ்சம் வேலை செய்துகொள்ளலாம். அதற்காக லேத் இரண்டாகிவிடாது.

இந்த மூன்றில் எது சிறியதோ, அதுதான் உண்மையான எல்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

"கம்பெனிகளில் இருக்கிற கோரைவிட நாலு மடங்கு, எட்டு மடங்கு கொடுக்கிறார்களே, அது தப்பா?" என்று விஷயம் தெரிந்த சீனியர் அண்ணன்கள் கேட்கலாம். தப்பே இல்லை. ஹைப்பர்-வியில் 2008 ஆர்2 காலத்தில், ஒரு லாஜிக்கல் பிராசஸருக்கு மொத்தம் 8 விர்ச்சுவல் பிராசஸர் என்று ஒரு வரம்பே வைத்திருந்தார்கள். 2012-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். பல மெஷின்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிற இடத்தில் லேத்தைவிட டோக்கன் அதிகம் இருந்தால் நஷ்டமில்லை. ஆனால் அவர்கள் அளந்து பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு மெஷின் எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருக்கிறது என்பதைக் காட்ட வி.எம்.வேரில் 'ரெடி டைம்' என்றே ஒரு அளவு இருக்கிறது. அளந்து அதிகம் கொடுப்பது வேறு, அளக்காமல் இழுத்துவிடுவது வேறு.

நாளைக்கு வேலைக்குப் போனால் இது இன்னும் கனமான விஷயம். சின்னக் கம்பெனிகளில் டிப்ளமோ முடித்த நம்மைத்தான் சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எஸ்.க்யூ.எல். சர்வருக்குக் கோர் கணக்கில் லைசென்ஸ் எடுத்தால், ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோருக்குக் கட்ட வேண்டும். அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு விர்ச்சுவல் கோருக்கும் தனிக் காசு. கிளவுடிலும் பிராசஸர் கூடக்கூட வாடகை கூடும். "மெதுவா இருக்கு தம்பி, என்ன பண்ணலாம்?" என்று முதலாளி கேட்கும்போது, "புது சர்வர் வாங்குங்க சார்" என்று சொல்ல யாராலும் முடியும். "இதில் இரண்டைக் குறைச்சுப் பாக்கலாம் சார்" என்று சொல்ல, படித்தவனால்தான் முடியும்.

ஆனால் நாம் அப்படியா படிக்கிறோம்? ரெக்கார்டு நோட்டில் "பிராசஸர் எண்ணிக்கை: 2" என்று எழுதுகிறோம். போன வருஷ சீனியர் ரெக்கார்டில் இருந்ததும் 2 தான். ஏன் 2? யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இந்த நிலை மாற, பேரவை முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, லேபில் ஒவ்வொரு மெஷின் மீதும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எத்தனை கோர், எத்தனை த்ரெட், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று. 2019-ல் வந்த 6.1 பதிப்பிலிருந்து, சிப்பில் அந்த வசதி ஆன் ஆகாமல் விர்ச்சுவல்பாக்ஸில் மெஷின் ஓடாது. பயாஸில் ஒரு வரியை மாற்றத் தெரியாமல் நல்ல மெஷினை 'டப்பா' என்று ஒதுக்குவது இனி வேண்டாம்.

இரண்டு, ரெக்கார்டில் "ஏன் இந்த எண்?" என்று ஒரு வரி கூடுதலாக எழுத ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். வைவாவிலும் அதைக் கேட்க வேண்டும்.

மூன்று, புது லேப்டாப் வாங்கப்போகிற ஜூனியர் தம்பி, தங்கைகள் வாங்குவதற்கு முன்னால் பழைய மெஷினைக் கொண்டுவந்து காட்ட, மாதம் ஒரு சனிக்கிழமை சீனியர்கள் லேபில் உட்கார வேண்டும். முதல் ஆளாக நான் என் பெயரைக் கொடுக்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு சின்னக் கணக்கு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து கோர் எத்தனை என்று பாருங்கள். 4 என்றால், ஒன்றை வெளியே இருக்கிற விண்டோஸுக்கு விட்டுவிடுங்கள். மீதி மூன்றில் சர்வர் மெஷினுக்கு 2, கிளையண்ட் மெஷினுக்கு 1. இரண்டே கோர்தானா? ஒரு மெஷின், 1 பிராசஸர் என்று ஆரம்பியுங்கள். ஓடவிட்டு, உள்ளே பிராசஸர் உபயோகத்தைக் கவனியுங்கள். எப்போதும் நூற்றுக்குப் பக்கத்திலேயே நின்றால், கோரும் மிச்சமிருந்தால், இன்னொன்று கூட்டுங்கள். இல்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். இதற்குக் காசு வேண்டாம், ஐ7 வேண்டாம். ஆத்துல போட்டாலும் அளந்து போடுகிற புத்தி இருந்தால் போதும்!