ஏணியை எடுத்தவர் யார்?

மேல்நிலைப் போட்டியில் வென்றவரை நாடு அறியும். கீழ்நிலைப் போட்டியில் வென்றவரை யார் அறிவார்? நம் மாணவன் ஒருவனிடம் கேட்டுப் பாருங்கள். மலேசியப் பிரிமியர் லீக் எனும் பெயரில் நடந்த இரண்டாம் நிலைக் காற்பந்துப் போட்டியில் வாகை சூடிய மூன்று குழுக்களைச் சொல் என்றால் விழிப்பான். குற்றம் அவனுடையதன்று. 2004 முதல் 2022 வரை 19 பருவங்கள் நடந்த அப்போட்டியை, நடத்தியவர்களே மதிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இரண்டாம் நிலை என்றாலே இரண்டாந்தரம் என்று எண்ணுவோர் 2005ஆம் ஆண்டை நினைவுகூரட்டும். அவ்வாண்டு சிலாங்கூர் இரண்டாம் நிலையில் ஆடியது. அதில் முதலிடம் பெற்றது, எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. அதோடு நின்றதா? மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில், அதே ஆண்டின் சூப்பர் லீக் வெற்றியாளரான பெர்லிஸை 3-0 என வீழ்த்தியது. கீழ்த்தட்டில் நின்றவன் மேல்தட்டின் மன்னனை மண்கவ்வச் செய்தான்! 2015இல் இரண்டாம் நிலையை வென்ற கெடா, அடுத்த ஆண்டே மலேசியக் கிண்ணத்தை ஏந்தியது. 2020இல் இரண்டாம் நிலையிலிருந்து உயர்ந்த கோலாலம்பூர், 2021இல் அதே கிண்ணத்தை வென்றது. ஏணி என்பது இதுதான்.

ஆனால், அந்த ஏணியில் நாம் யாரையெல்லாம் ஏற்றினோம்? 2007-08இல் வென்றது கோல மூடா நாசா. ஒரு நிறுவனத்தின் குழு. 2009 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. 2010இலும் 2018இலும் வென்றது ஃபெல்டா யுனைடெட். 2020 பருவத்தோடு அதுவும் விலகியது. 2011இல் வென்ற பி.கே.என்.எஸ்., 2020இல் சிலாங்கூரின் இரண்டாம் குழுவாக மாற்றப்பட்டது. 2009இல் வென்ற ஹரிமாவ் மூடா, 2015இல் கலைக்கப்பட்டது. இந்நான்கு குழுக்களும் சேர்ந்து வென்ற பட்டங்கள் ஐந்து. அவற்றை வைத்துப் போற்ற இன்று வீடில்லை. ஓர் அலுவலகக் கூட்டத்தில் பிறந்த குழு, இன்னோர் அலுவலகக் கூட்டத்தில் மாண்டது. இடையில் வியர்வை சிந்திய இளைஞனை அக்கூட்டத்தில் யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

உச்சம் 2022. அவ்வாண்டு இரண்டாம் நிலையில் ஆடிய குழுக்கள் பத்து. அவற்றுள் மூன்று, மேல்நிலைக் குழுக்களின் இரண்டாம் அணிகள். ஒன்று தேசியப் பயிற்சித் திட்டத்தின் அணி. இந்நான்கும் எவ்வளவு வென்றாலும் மேலே போக முடியாது. இறுதியில் வாகை சூடியது எது? ஜொகூர் டாருல் தாசிமின் இரண்டாம் அணி! ஏற முடியாதவனுக்கே ஏணிப்போட்டியின் பரிசு. அத்தோடு ஏணியையே எடுத்துவிட்டார்கள். 2023இல் சூப்பர் லீக் 14 குழுக்களாக விரிந்தது. பிரிமியர் லீக் மறைந்தது.

"நிறுவனங்களும் துறைகளும் பணம் தராவிட்டால் யார் தருவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. மாநிலக் குழுக்கள் மாசற்றவை என நான் வாதிடவில்லை. 2016இல் வென்ற மலாக்கா யுனைடெட்டுக்கு 2023 சூப்பர் லீக்கில் இடமில்லை. கெடாவுக்கே 2025-26இல் இடமில்லை. ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். கெடா வீழ்ந்தால் அழுவதற்கு ஒரு மாநிலம் இருக்கிறது. மீண்டும் எழுப்பவும் அது இருக்கிறது. நிறுவனக் குழு வீழ்ந்தால் கணக்கேட்டில் ஒரு வரி குறைகிறது, அவ்வளவே. நிறுவனம் பணம் தரட்டும். ஆனால் குழு ஊருடையதாக இருக்கட்டும்.

"இளைஞர் அணிகளால் நன்மை இல்லையா?" என்றும் கேட்பார்கள். உண்டு, மறுப்பவன் அல்லன். ஹரிமாவ் மூடா வென்ற அதே 2009இல்தான், கே. ராஜகோபாலின் பயிற்சியில் நம் இளைஞர்கள் லாவோசில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றனர். மறு ஆண்டு அவரே தேசியக் குழுவை ஆசியான் வெற்றியாளராக்கினார். அத்தகைய அணிகளுக்குத் தனிக்களம் வேண்டும். 2023இல் எம்.எஃப்.எல். கிண்ணம் அதற்கென்றே தொடங்கப்பட்டது. முன்பே அதனைச் செய்திருந்தால், ஊர்க் குழுக்கள் அமர வேண்டிய இருக்கைகள் பறிபோயிருக்குமா?

இப்போது ஏ1 செமி-புரோ லீக் என்ற புதிய படி அமைக்கப்பட்டுள்ளது. வரவேற்போம், ஆனால் விழிப்போடு வரவேற்போம். மேலே போகத் தகுதியுள்ளவையே அதில் ஆடட்டும். ஊரோடு உறவுள்ளவையே அதில் சேரட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, இது பந்தைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. நம் வகுப்பறையின் கடைசி வரிசையில் இருப்பவனும் இரண்டாம் நிலை வீரன்தான். அவனுக்கு நாம் தரக்கூடிய ஒரே வாக்குறுதி, உழைத்தால் மேலே வரலாம் என்பது. நாடு தன் விளையாட்டுத் திடலிலேயே அவ்வாக்கைக் காப்பாற்றவில்லை என்றால், நம் சொல்லை அவன் எப்படி நம்புவான்? மாணவர்களே, அந்த 19 பருவங்களின் வெற்றியாளர் பட்டியலைத் தேடி எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அக்குழு இன்று எங்கே என்று குறியுங்கள். அப்பட்டியலைப் படித்தால் ஏணியை எடுத்தவர் யார் என்று உங்களுக்கே விளங்கும்.