ஆண்டீஸ் மலைப் பூனை

பூனையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். அடுப்பங்கரையில் பால் திருடும் பூனையை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், அதன் குலத்தில் பிறந்தும் மனிதர் கண்ணில் படாமலே காலங் கழிக்கும் ஒரு பிராணி தென் அமெரிக்காவில் உண்டு. அதுவே ஆண்டீஸ் மலைப் பூனை.

பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என்னும் நான்கு தேசங்களில், பெரும்பாலும் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மரமே இல்லாத பாறைச் சரிவுகளில் இது வசிக்கிறது. எடை சுமார் 5 கிலோ. சாம்பல் நிற உடலில் பழுப்புத் திட்டுக்கள், மூக்கு கறுப்பு. குளிரைத் தாங்கும் அடர்ந்த உரோமம் முதுகில் 4 சென்டிமீட்டர் வரை நீளும். வாலின் அழகே அழகு! உடலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத அந்தப் பருத்த வாலில் கரிய வளையங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. பாறைக்குப் பாறை தாவும்போது நிலை தவறாதிருக்க அவ்வால் துணை செய்கிறது. முயலைப் போன்ற விஸ்காச்சா என்னும் மலைக் கொறிணியே இதன் முக்கிய ஆகாரம்.

இதாலிய விஞ்ஞானி கொர்னாலியா 1865-இல் இதை உலகுக்கு அறிவித்தார். பின்னர் நூறாண்டுக்கு மேலாக, அறிஞர் கண்டவை பெரும்பாலும் தோலும் மண்டையோடுமே. 1998-இல் ஜிம் சாண்டர்சன் என்பவர் சிலி நாட்டு மலையில் இதை உயிருடன் கண்டு படம் பிடித்தார்.

அம்மலைகளில் வாழும் அய்மாரா, கெச்சுவா மக்கள் இதைப் புனிதமாகப் போற்றுகின்றனர். ஆனால் அந்தப் பக்தியே இதற்கு யமனாகவும் முடிந்தது. பாடம் செய்த பூனைத் தோலை நாடாக்களால் அலங்கரித்து, மந்தைகளுக்கு அடையாளமிடும் விழாவில் வைத்தால் கால்நடை பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆட்டுக்குட்டிக்கு ஆபத்து என்றெண்ணிக் கொல்வோரும் உண்டு. சுரங்கங்கள் மலை நீரை உறிஞ்சினால் ஈரப் புல்வெளி காயும். புல் போனால் விஸ்காச்சா போகும். அதன் பின் பூனை எதைத் தின்னும்?

2016-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, வளர்ந்த பூனைகள் 1,400-க்கும் குறைவே. நான்கு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஒன்றுகூடி, மேய்ப்பர்களையே துணைக்கொண்டு இதைக் காக்க முயன்று வருகின்றனர். அதுவே சரியான வழி என்பது நம் கருத்து. வழிபடும் கரமே வாழவும் விட வேண்டும். தோலிலே தேடிய மங்களம், உயிரோடு உலவும் பூனையிடம் இல்லாமற் போய்விடுமா?