தன் ஊர் தெரியாத பட்டதாரி

சென்ற தவணையில் ஒரு நாள், மத்தியான இடைவேளையின்போது, எமது பாடசாலை ஆசிரியர் ஓய்வறையிற் பெருஞ் சிரிப்பொலி எழுந்தது. நண்பர் ஒருவர், எம்மினும் மூத்தவர், ஏதோ ஒரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைச் சபையில் ஒரு நாள் உறுப்பினராக அமர்ந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வெற்றிடங்கள் நான்கு. வந்தவர்கள் நூற்றுக்கு மேல். அனைவரும் பட்டதாரிகள். காலை முதல் மாலை வரை தாம் கண்ட வேடிக்கைகளை அவர் ஒவ்வொன்றாக அவிழ்க்க, நாங்கள் தேநீர்க் குவளைகளை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தோம்.

குளிரூட்டிய அறையின் வாசலிற் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் சபையின் முன் வந்து நின்றானாம் ஒருவன். “உமது பலவீனம் என்ன?” என்று இன்னொருவனைக் கேட்டதற்கு, “சின்னனிலையிருந்து முட்டு வருத்தம், சேர். இப்ப குறைவு” என்றானாம். பெண்ணொருத்தி தாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கேள்வி மகளுக்கு, பதில் தாயிடமிருந்து. வாசிப்பே தன் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்த ஒருவனிடம், அண்மையில் வாசித்த நூல் யாதென்று வினவ, அவன் சிறிதும் தயங்காது சபைத் தலைவருடைய மணிவிழா மலரின் பெயரைச் சொன்னானாம். (இவனுக்கு எதிர்காலம் உண்டு என்று நான் அப்போதே எண்ணினேன்.) “இரும், இரும்” என்று மூன்று முறை சொல்லியும் உட்காராது, கதிரையின் முதுகைப் பிடித்தபடி கடைசிவரை நின்றுவிட்டுப் போனான் வேறொருவன்.

உச்சக் கட்டத்தை நண்பர் இறுதிக்கு வைத்திருந்தார்.

“தம்பி எவடம்?”

“யாழ்ப்பாணம், சேர்.”

“அது தெரியுது. யாழ்ப்பாணத்திலை எவடம்?”

“வடமராட்சி, சேர்.”

“வடமராட்சியிலை?”

“பருத்தித்துறைப் பக்கம்.”

“பக்கம் எண்டால்? எந்தக் கோயிலடி?”

“அங்கை கன கோயில் இருக்குது, சேர்.”

“பட்டம் எடுத்திருக்கிறான், தன்ரை ஊர் எது எண்டு சொல்லத் தெரியேல்லை!” என்று நண்பர் முடிக்க, அறை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை.

அன்று மாலை வல்லை வெளியைக் கடந்து வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு என் தொண்டையிற் சிக்கியது. அந்த இளைஞனுக்குத் தன் ஊர் தெரியாதா? ஒவ்வோர் ஒழுங்கையும் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தபடியாற்றான் சொல்லவில்லை. கேள்வி எங்கே போய் நிற்கப்போகிறது என்பது முதலாவது ‘எவடம்’ எழுந்தபோதே அவனுக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘எவடம்’ என்பது பூமிசாத்திரக் கேள்வியன்று. ஊர் தெரிந்தாற் குறிச்சி தெரியும். குறிச்சி தெரிந்தாற் கோயில் தெரியும். கோயில் தெரிந்தாற் சாதி தெரியும். நேரே கேட்பது நாகரிகமில்லை என்று கண்டுகொண்ட எமது படித்த வர்க்கம், சுற்றிவளைத்துக் கேட்பதற்கு அமைத்துக்கொண்ட படிக்கட்டு இது. அந்தப் பையன் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி நின்று தன்னைக் காத்துக்கொண்டான். சபை அதனை மூடத்தனம் என்று குறித்துக்கொண்டது.

‘இது வெறும் உபசாரக் கேள்வி, பையனின் பதற்றத்தைத் தணிக்கக் கேட்பது’ என்று சிலர் சமாதானம் கூறுவர். நண்பரும் அப்படித்தான் கூறினார். அங்ஙனமாயின் ஒன்றைக் கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி எழுதப்பட்டிருக்கிறது. கிராம சேவகரின் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறது. அதிற் பிரிவின் பெயரும் இலக்கமும் உண்டு. அடையாள அட்டையின் பிரதி உண்டு. இத்தனையும் மேசைமேற் கிடக்க, முகவரிக்கு அப்பால் அறியவேண்டியிருந்தது யாது? பதற்றத்தைத் தணிக்கும் கேள்வி நான்காம் தடவையும் கேட்கப்படுவானேன்?

உட்காராமல் நின்றவனைப் பற்றியும் எண்ணிப் பார்த்தேன். இக்குடாநாட்டில் வாங்குக்கும் கதிரைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்திலும், சிலவிடங்களில் வகுப்பறைக்கு வெளியேயும் இருத்தப்பட்டார்கள். 1930ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, அதற்கு எதிராக மனு எழுதியவர்களும், பாடசாலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தவர்களும் நாம் பெருமையாகப் பேசும் இதே கல்விச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. வந்தும் என்ன? பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மனிதர்கள் உள்ளே போக அனுமதி கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது. அந்தப் பையனின் பேரன் எந்தப் பாடசாலையில் எங்கே இருந்து படித்தாரோ, எனக்குத் தெரியாது. சபைக்கும் தெரியாது. தெரியாதவர்கள் சிரிப்பதற்கு முன் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

அவன் எந்தக் குடியிற் பிறந்தவனாயினும் ஆகுக. நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? நாங்கள். வாய்பொத்திக் கைகட்டி நிற்பதை ஒழுக்கம் என்று பதின்மூன்று ஆண்டுகள் புகட்டுகிறோம். அதிபரின் அறைவாசலிற் செருப்பைக் கழற்றாத பிள்ளைக்கு ‘பண்பில்லாதவன்’ என்று பட்டம் சூட்டுகிறோம். கேள்வி கேட்கும் மாணவன் ‘வாய்காரன்’. குனிந்த தலை நிமிராதவன் நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளை ஒரு நாள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கையில், அவனிடம் தன்னம்பிக்கை இல்லையே, தலைமைத்துவம் இல்லையே என்று அதே ஆசிரியர்கள் கைகொட்டிச் சிரிக்கிறோம். தாயின் பின்னால் நின்ற பெண்ணும் எங்கள் வகுப்பிலிருந்து போனவள்தான். ‘கலியாணம் எப்ப?’ ‘செய்தால் வேலையை விடுவீரோ?’ என்றெல்லாம் அவளைக் கேட்டதையும் நண்பர் சொன்னார். அதற்கு அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வியாகவே பட்டதுபோலும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றபின், ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குக் கடன் வாங்கிய கழுத்துப்பட்டியுடன் போனேன். பதவி, தமிழ்ப் பிரசுரங்களைப் பார்வையிடும் பதவி. பரீட்சை ஆங்கிலத்தில். ‘உம்மைப் பற்றிச் சொல்லும்’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னார். என் வாயிலிருந்து, “ஐ ஆம் பைன், தாங்க் யூ” என்ற விடை வந்தது. பாடசாலை வாழ்வு முழுவதும் பயின்ற ஆங்கிலத்தில் எனக்கு நன்கு மனனமான விடை அது ஒன்றே; எந்தக் கேள்வி வந்தாலும் முந்திக்கொண்டு வருவதும் அதுவே. மூவரும் சிரித்தார்கள். எங்கோ ஓர் ஓய்வறையில் அது இன்றும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கலாம். நற்றிணைக்கு உரை சொல்லக்கூடியவனிடம் தமிழ்ப் பதவிக்குத் தமிழில் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் வெட்கந்தான் இருந்தது.

இது எமக்கு மட்டும் நேர்ந்த அவலமன்று. தென்னிலங்கைச் சிங்களக் கிராமத்து மாணவர்கள் ஆங்கிலத்திற்கு ‘கடுவ’ என்று பெயரிட்டார்கள். வாள் என்பது பொருள். அந்த வாளால் வெட்டுண்டவர்களின் கோபமும், அமைச்சரின் கடிதமின்றி நியமனமில்லை என்ற நிலையும் சேர்ந்து நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை 1971உம், 1987 முதல் 1989 வரையான ஆண்டுகளும் காட்டின. 1990இல் அறிக்கை சமர்ப்பித்த இளைஞர் ஆணைக்குழு, நியமனங்களில் நிலவிய அரசியற் பாரபட்சத்தை இளைஞரின் கொந்தளிப்பிற்கு முக்கிய காரணமாக எடுத்துக்காட்டியது. வடக்கின் பையன் ஊரை மறைக்கிறான். தெற்கின் பையன் உச்சரிப்பை மறைக்கிறான். மேசைக்கு அப்பாலிருந்து சிரிப்பவர்கள் ஒரே வர்க்கத்தினர்.

மேசைக்கு இப்பால் நிற்போரின் தொகையையும் சற்று நோக்குக. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்’ என்று பழமொழி சொல்லி வளர்த்த சமூகம் இது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் மாதக்கணக்கிற் போராட்டம் நடத்தினர். நானும் சில நாட்கள் அங்கு இருந்தவன். 2020இல் பட்டதாரிப் பயிலுநர் என்ற பெயரில் மாதம் 20,000 ரூபா கொடுத்து நாடெங்கும் ஆட்களைச் சேர்த்தபோது, பலர் எந்த மேசையில் என்ன வேலை என்று தெரியாமலே கந்தோர்களில் உட்கார்ந்திருந்தனர். நான்கு இடத்திற்கு நூறு பேர் வரும் நாட்டில், நேர்முகப் பரீட்சையின் முதல் வேலை தொண்ணூற்றாறு பேரை வீட்டுக்கு அனுப்புவதாகிவிடுகிறது. அதற்கு ஒரு சாட்டு வேண்டும். வெறுங்கால் ஒரு சாட்டு. முட்டு வருத்தம் ஒரு சாட்டு. தெரியாத ஊர் ஒரு சாட்டு. பொது அறிவு இன்னொன்று. களஞ்சியத்தில் மூடை எண்ணும் வேலைக்கு வந்தவனிடம் தாய்லாந்தின் நாணயத்தைக் கேட்பார்கள். 1921இல் அமெரிக்காவில் தோமஸ் எடிசன் தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு இத்தகைய நீண்ட வினாப் பட்டியலொன்றைக் கொடுத்துவந்தார். அவ்வாண்டு பொஸ்ரனுக்கு வந்த ஐன்ஸ்ரைனிடம் அப்பட்டியலில் இருந்ததாக ஒரு கேள்வியைப் போட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? நூல்களில் எளிதிற் கிடைப்பதைத் தாம் மனத்திற் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார் அவர். எங்கள் சபையாயின் அவரையும் அனுப்பியிருக்கும்.

விசித்திரமான விண்ணப்பதாரிகளுக்கு ஒரு வரலாறு எழுதினால் முதலிடம் சீனிவாச இராமானுசனுக்கே உரியது. கல்லூரிப் பரீட்சையிற் தேறாத அந்த இளைஞர் 1910இல் திருக்கோவலூருக்குச் சென்று, அங்கு துணைக் கலெக்டராயிருந்த இராமசுவாமி ஐயரிடம் ஓர் எழுதுவினைஞர் வேலை கேட்டார். கையிற் சான்றிதழ் இல்லை. கணக்குகள் நிறைந்த ஒரு குறிப்பேடு இருந்தது. ஐயர் கணிதம் தெரிந்தவர், ஏட்டைப் புரட்டினார், இப்படிப்பட்டவரை ஒரு சிற்றுத்தியோகத்தில் அடைப்பது தகாது என்று கடிதங் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், சவரம் செய்யாத முகத்துடன் வந்த இவரைப் பலமுறை சந்தித்துக் கேட்ட பின்பே நம்பினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கந்தோரில் மாதம் 30 ரூபாவில் வேலை கிடைத்தது. உடையைப் பாராமல் ஏட்டைப் பார்த்தார்கள் என்று இக்கதையைச் சொல்லி மகிழ்வோர் பலர். மகிழட்டும். ஆனால் இராமானுசன் தட்டிய கதவுகள் பெரும்பாலும் அவர் பிறந்த சாதியினர் வீற்றிருந்த கதவுகள். அவரை ‘எவ்விடம், எந்தக் கோயிலடி’ என்று துருவவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. பெயரும் நெற்றியுமே சொல்லிவிட்டன. அதே ஏட்டுடன் ஒரு சேரிப் பிள்ளை திருக்கோவலூருக்குப் போயிருந்தால், ஏடு திறக்கப்படுமுன் படலை மூடப்பட்டிருக்கும்.

பரிகாரம் இல்லையா என்று கேட்கலாம். 1998இல் பிராங்க் சிமித், ஜோன் ஹன்ரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வாயில் வந்ததைக் கேட்கும் நேர்முகத்தைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்வியை முன்கூட்டி வகுத்துக் கேட்கும் நேர்முகமும், வேலையின் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்வதும் ஆளைச் சரியாக மதிப்பிடுகின்றன என்று காட்டினர். இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. எமது ஆசிரியர் சேவையிலேயே கற்பித்துக்காட்டும் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. வினாக்களை எழுதி வைக்கலாம். புள்ளித் திட்டத்தை வெளியிடலாம். வேலை எந்த மொழியிலோ அந்த மொழியிற் கேட்கலாம். காசு செலவாகாத காரியங்கள் இவை. ஆயினும் எங்கள் சபைகள் பல விரும்புவதில்லை. வினாக்களை எழுதி வைத்தால் ‘எவடம்’ என்பதையும் எழுதி வைக்கவேண்டி வரும். எழுத்தில் அதைக் காணக் கூசுகிறார்கள்.

மறுநாள் நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் கெட்டவரல்லர். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு பத்து மணிக்குத் தம் வாகனத்தில் ஏற்றிச் சென்றவர். இடதுசாரிக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர். சாதியொழிப்பைப் பற்றி மேடையிற் பேசியவர். அதனாற்றான் அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பையனின் விடைகளை ஒருமுறை தமக்குள் மீட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு, வருகின்ற மாதமும் தம்மை அதே சபைக்கு அழைத்திருக்கிறார்கள் என்றார்.

“அப்ப இந்த முறை ஊரை மட்டும் கேளாதையுங்கோ, அண்ணை” என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பரிகாசம் சிறிதுமில்லை, மெய்யாகவே கலங்கிப்போய்க் கேட்டார்:

“அப்ப பின்னை, என்னத்தைத் தம்பி கேக்கிறது?”