பெட்டிக்கு முன் பெயர்

பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டு முகாம்களுக்கு அழைத்துச் செல்லும் காலம் இது. மூணாறு லயங்களிலும் சித்தூர்க் கிராமங்களிலும் வாழும் நம் பிள்ளைகள் மட்டும் வழியனுப்பிவிட்டு நிற்பதா?

பெற்றோரே! பெட்டியும் கம்பளியும் கடைசி வாரத்தில் வாங்கலாம். பாஸ்போர்ட்டை அப்படி வாங்க முடியாது. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறொன்று, பள்ளிப் பதிவேட்டில் மலையாள உச்சரிப்பில் மூன்றாவது பெயர் என்றிருந்தால் விண்ணப்பம் தடைபடும். தலைப்பெழுத்து போதாது, விரித்தெழுத வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் தோட்டத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழக்கிறார். 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்திலேயே நின்றன. ஆகவே கேரள அரசைக் கேட்கிறோம்: தமிழ்வழிப் பள்ளிகளிலேயே, விடுமுறை நாளில், தமிழறிந்த அலுவலரோடு பெயர்த் திருத்த முகாம் நடத்துக! இது சலுகையல்ல, உரிமை.