வாவிக்கரையில் வேண்டும் பயிர்க்காவல்

படுவான்கரையின் தோட்டக்காரனுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, பயிரைத் தின்னும் பூச்சி. மற்றொன்று, பூச்சியைத் தடுக்கின்றோம் என்று கூறிக்கொண்டு அவன் வண்டியை மறிக்கக்கூடிய அதிகாரம். இவ்விரண்டையும் சேர்த்தெண்ணாமல் தாவரத் தடுப்புக்காப்பைப் பற்றிப் பேசுவது பயனற்ற பேச்சாகும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இந்நாட்டின் ஆட்சியாளரோ வெள்ளம் வடிந்த பின்னரே மண்வெட்டியைத் தேடினர். 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழில் அழிந்தது. பயிர்களைக் காப்பதற்கான தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924 ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. அதனிடத்தில் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தீங்கு செய்யும் உயிரினங்கள் நாட்டினுள் நுழைவதை மட்டுமன்றி, நாட்டினுள் அவை பரவுவதையும் தடுப்பதே அதன் நோக்கம்.

சட்டம் இருந்தும் பகை புகுந்தது. 2008 இல் பப்பாசி மாவுப்பூச்சி வந்தது. 2018 இல் வந்த சேனா படைப்புழு கிழக்கிலங்கையின் சோளச் சேனைகளைத் தின்றது. மாவுப்பூச்சியை அடக்கியது, அதன் உடலிலேயே முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு சிறு குளவி. அக்குளவியும் வெளிநாட்டிலிருந்தே சோதித்து எடுத்து வரப்பட்டது. பகைவனைத் தடுக்கவும் நண்பனை அறிந்து ஏற்கவும் வல்ல வாயிலே நல்ல வாயில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் பிறருக்குச் செய்த தீங்கையும் மறைத்தல் ஆகாது. மாங்கனியின் தோலைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ ஒன்று 2003 இல் கென்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அறிஞர்கள் அதன் பிறப்பிடத்தைத் தேடியபோது இலங்கையில் வாழும் ஈயோடு அது ஒத்திருக்கக் கண்டனர். பின்னர் அது ஆபிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவி, மாம்பழ வாணிகத்தை வாட்டியது. கனிக்குள் புழுவை வைத்து அனுப்புபவனுக்குச் சந்தை தன் கதவை அடைத்துவிடும். 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணங்காட்டி இந்திய மாம்பழத்தை மறித்ததும், இந்தியா ஏற்றுமதிச் சோதனையைச் சீர்செய்த பின்னர் 2015 இல் அத்தடையை நீக்கியதும் யாவரும் அறிந்தவை.

இனி வவுணதீவுக்கு வருவோம். அந்தப் பழ ஈ நம் மண்ணிலேயே வாழ்வது. அதனை வாவிக்கரையில் மறித்துப் பயனில்லை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதைத்தலும், பொறி வைத்தலும், காய்களுக்கு உறை கட்டுதலுமே அதற்கு மருந்து. இன்னும் வாராத பகைகளுக்கே காவல் வேண்டும். தென்னிலங்கையில் வெலிகமையைச் சூழ்ந்து பரவிய தென்னோலை வாடல் நோய் அத்தகைய பகை. அதனைச் சிறு பூச்சிகள் பரப்புகின்றன. நோயுற்ற கன்றுகளும் கடத்துகின்றன. ஆதலால் தென்மாகாணத்திலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடுக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்பின் தென்னைக்கு அத்தடை உயிர்க்காப்பு. மலிவாகக் கிடைக்கின்றதென்று மூலம் தெரியாத கன்றை லொறியில் ஏற்றி வருபவன், தன் வளவுக்கு மட்டுமன்றி ஊர் முழுவதற்கும் தீ மூட்டுகின்றான்.

காவல் வேண்டுமென்று கூறும் நாமே, எத்தகைய காவல் என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். போர்க்காலத்தில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் உரத்துக்கும் மின்கலத்துக்கும் கணக்குச் சொல்லி நின்றவர்கள் நம் மக்கள். அந்த நினைவு எளிதில் அகலாது. பயிர்க்காவலும் அதே கோலத்தோடு வந்தால், மக்கள் கன்றை ஒளித்துக் கொண்டுசெல்வர். நோயும் அவர்களோடு ஒளிந்து செல்லும். அச்சத்தால் நடத்தப்படும் தடுப்புக்காப்பு தன்னையே தோற்கடிக்கும்.

ஆகவே நாம் கேட்பவை சில. தடை விதிக்கப்படும்போது, எந்தப் பயிர், எந்த எல்லை, எத்தனை காலம் என்பவை ஊரவருக்குத் தமிழில் எழுதி அறிவிக்கப்படல் வேண்டும். சோதிப்பவர் துப்பாக்கி ஏந்தியவராக அன்றி, இலையைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த விவசாய அலுவலராக இருத்தல் வேண்டும். பொதுநலத்துக்காக ஓர் ஏழையின் மரங்கள் வெட்டப்படுமாயின், அவ்விழப்பைப் பொதுப்பணமே ஈடு செய்தல் வேண்டும். அன்றேல் நோயை முதலிற் கண்டவனே அதனை முதலில் மறைப்பவனாவான். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பெருவணிகரின் பெட்டிகளைத் திறக்காத கண்டிப்பு, படுவான்கரைச் சிறு தோட்டக்காரனின் கூடையில் மட்டும் பாய்வதை நாம் ஏற்கோம்.

நீதியாக நடத்தப்படும் காப்பு ஒருநாள் முடிவும் பெறும். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் பூசணி, பாகல் முதலியவற்றைக் கெடுத்த ஈயினால், அத்தீவினர் தம் விளைச்சலைப் பெருநிலத்துக்கு அனுப்ப முடியாதிருந்தனர். அரசு அவர்களைத் தடையோடு கைவிடவில்லை. மலடாக்கப்பட்ட ஈக்களை எழுபதுகளிலிருந்து கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993 இல் அப்பூச்சியை முற்றாக ஒழித்தது, சந்தையும் திறந்தது.

தடை விதிப்பது ஒரு கையொப்பத்தில் முடிந்துவிடும். தடை நீங்கும் நாள்வரை உழவனோடு நிற்பதே அரசின் கடமை. அக்கடமையை அரசு ஏற்கட்டும். வாவியின் இரு கரையிலும் காவல் நிற்க நம் மக்களே முன்வருவர்.